ஒன்பதாம் நம்பர் மலையின் பனியாயி

நான் ஒரு சாமியை உண்டாக்கியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. எழுதுகிறவர்கள் எல்லாருமே ஆட்களை உண்டாக்குகிறார்கள். ஆனால் உண்டாக்கிய ஆளுக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைத்த வாசகர்கள் எனக்குத்தான் கிடைத்தார்கள். அதுவும் பதினாறு வயதில், அச்சில் என் வரி ஒன்றுகூட வராத காலத்தில்.

இப்போது நான் இளையவர்களுக்கு மாயக் கதைகள் எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் பேசக் கூப்பிடுவார்கள். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மிஸ், இதெல்லாம் உண்மையா?" வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு "பாதி" என்று சொல்வேன். அந்தப் பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது. வெயில் அடித்தால் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தின் ஒரு துண்டு தெரியும். ஆனால் பாதி நாள் வெயில் அடிக்காது, பனிதான். பகல் பதினொரு மணிக்கே வந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நிற்கும், பக்கத்துக் காம்பராவில் யார் பேசுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாட்களில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை.

பதினோராம் ஆண்டு படிக்கும்போது நான் ஒரு கதை எழுத ஆரம்பித்தேன். வேறு கொப்பி வாங்கித் தரமாட்டார்கள் என்பதால் கணக்குக் கொப்பியைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதினேன். முன்னாலிருந்து கணக்கு வந்தது, பின்னாலிருந்து கதை வந்தது. கதை வேகமாக வந்தது. கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கதையில் என் வயதுப் பெண் ஒருத்தி. பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போடுவாள், சீருடையில் மை கொட்டிக்கொள்வாள், கணக்கு வராது. யாரை வைத்து எழுதினேன் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒரு நாள் ஒன்பதாம் நம்பர் மலையில், பெரிய நிழல் மரத்தடியில், ஒரு கல்லைத் தெரியாமல் மிதித்துவிடுகிறாள். அது பனியாயி என்கிற சாமி. கோபித்துக்கொள்ளாமல் சாமி அவளுக்கு ஒரு வரம் கொடுக்கிறது: பனி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு, அதற்குள் யார் என்ன பேசினாலும் அவள் காதில் விழும். ஒரே ஒரு நிபந்தனை. பனிக்குள் நின்று அவள் பொய் சொல்லக்கூடாது, சொன்னால் குரல் போய்விடும்.

முதல் வாசகி அடுத்த காம்பராத் தோழி. அவள் படித்துவிட்டு இன்னொருத்திக்குக் கொடுத்தாள். இரண்டே மாதத்தில் தோட்டத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் என் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாசலுக்கு வந்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாப் புள்ளைகளும் எம்புள்ள கணக்குக் கொப்பியத்தான் வாங்கிட்டுப் போகுதுங்க" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொப்பிக்கு ஓர் அட்டைப்படம் வேண்டும் என்று தோழி பிடிவாதம் பிடித்தாள். அவள் அண்ணனுடைய போன் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிடைக்கும். ஓடையிலிருந்து உருண்டையான ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினோம். கதையில் சொன்ன அதே மரத்தடியில் வைத்தோம். மஞ்சள் பூசினோம், குங்குமம் வைத்தோம், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அவள் இல்ல அணிக்குக் கட்டிய சிவப்பு ரிப்பனைக் கல்லின் இடுப்பில் சுற்றினோம். நாலு படம் எடுப்பதற்குள் மழை கொட்டியது. போனை மடியில் செருகிக்கொண்டு ஓடினோம். கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு சாமி உண்டு. பெரும்பாலும் ஒரு கல், ஒரு சூலம், மேலே ஒரு மரம். பெண்கள் வேலை தொடங்கும்போது முதல் பிடிக் கொழுந்தைப் "பொலி, பொலி" என்று பெருக வாழ்த்திச் சொல்லித்தான் கூடையில் போடுவார்கள், சாமி பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒரு பிடி. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடுகிற வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அந்த மலையின் சாமியைக் கும்பிடாமல் எந்த ஆளும் கவ்வாத்துக் கத்தியைத் தொடமாட்டான். அப்படிப்பட்ட தோட்டத்தில், மலை நடுவில், மஞ்சள் குங்குமத்தோடு ஒரு கல்லை வைத்துவிட்டு நாங்கள் மழைக்கு ஒதுங்கி ஓடினோம்.

அடுத்த வாரம் அம்மா வேலை முடிந்து வந்து, கூடையை இறக்காமலே சொன்னாள்.

"ஒம்பதாம் நம்பர்ல ஒரு சாமி இருக்கு புள்ள. இத்தனை வருசமா அந்த வழியாத்தான் போறோம், வாறோம். நம்ம கண்ணுல படல பாரு."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது. அம்மா தலையைத் தட்டிவிட்டு மேலே சொன்னாள். போன மாதம் அந்த மரத்தின் கிளைகளை வெட்டினார்களாம், வெளிச்சம் வந்ததும் சாமி வெளியே வந்துவிட்டதாம். பழைய சாமியாம், கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டு முதல் பிடியை எல்லாரும் அங்கேதான் வைத்தார்களாம். பத்து நாளில் கல்லுக்குப் பெயரும் வந்துவிட்டது. என் வாசகிகள் தங்கள் அம்மாமாரிடம் சொல்லியிருக்க வேண்டும். "பனியாயின்னு பேராம்" என்று அம்மா எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது, ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கொப்பியில் எழுதியது மலையில் நடந்துகொண்டிருந்தது. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் தவணைப் புள்ளிகள் வந்தன. கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது.

அம்மா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், இலக்கம் நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வாங்கிப் பார்த்துப் படிக்கிற கொப்பி தன் மகளுடையது. அப்படியிருக்க பத்தொன்பது எப்படி வரும்? அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் கண்ணூறு. ஊர்க்கண் பட்டுவிட்டது. வருடக் கடைசிப் பொதுப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது, உயர்தரம் படிக்காவிட்டால் அடுத்த வருடம் நானும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவேன். அம்மா உலகத்தில் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பனியாயிக்கு நேர்ந்துகொண்டாள். நான் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி முழு விரதம். காலை ரொட்டி இல்லை, மதியச் சோறு இல்லை, தேத்தண்ணிகூட இல்லை. மாலை ஆறு மணிக்கு விளக்கு வைத்த பிறகுதான் வாயில் ஏதாவது படும். இரண்டு வாரம் கழித்து செவ்வாயையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நம்பர் மலை செங்குத்து. கூடையில் ஈரக் கொழுந்து நிறைந்தால் பின்னால் இழுக்கும். வெறும் வயிற்றோடு எத்தனை நாள் தாங்கும்? நாலாவது வாரம் ஒரு வெள்ளி, நான் பாடசாலை விட்டு வரும்போது அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கிழிந்த துணிக்கட்டு. கண் இருட்டி விழுந்து, கான் வரைக்கும் உருண்டிருக்கிறாள். தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கான்தான் அவளை நிறுத்தியது. அதற்குக் கீழே ஒரே சரிவு, சரிவுக்குக் கீழே தார் ரோட்டு.

மறுநாள் மருத்துவமாது வந்து பார்த்தார். சிங்களப் பெண், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கவலை வந்தால் சிங்களம்தான் வரும். அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு "லே அடுயி" என்றார். ரத்தம் குறைவு. மாத்திரையைக் கொடுத்து, "அம்மா, சாப்பிடாம இத போட வேணாம். சாப்பிடாம மலைக்கும் போக வேணாம். இனி விழுந்தா நான் பொறுப்பு இல்ல" என்றார். அம்மா தலையை நன்றாக ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டியைத் தொடாமல், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனாள்.

என் கதைக்காக என் அம்மா சாகப்போகிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று மாலை அவள் விளக்கு வைத்ததும் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன், பின்பக்கமாகத் திருப்பி. எல்லாவற்றையும் சொன்னேன். ஓடைக் கல், ரிப்பன், போன், மழை. அம்மா கொப்பியை விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பனியாயி என்று என் கையெழுத்தில் வந்த இடத்தில் விரலை வைத்தாள். அறை விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி" என்றாள். "ஒன்ன எழுதச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலம்மா. நானா எழுதினேன்."

"அந்த மரத்தடியில கொண்டுபோய் வைக்கச் சொன்னது?"

"நாங்களாத்தான் வச்சோம். படம் எடுக்க."

"எத்தனையோ மரம் இருக்கு. எத்தனையோ மலை இருக்கு. ஏன் அந்த எடத்துல கொண்டுபோய் வச்சீங்க? மழை வந்து ஏன் தூக்காம ஓடி வந்தீங்க?" கொப்பியை மூடி என்னிடம் கொடுத்தாள். "அவ வரணும்னு நெனச்சா, வந்தா. தூக்கிட்டு வர்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல. அதுக்கு நீ கெடச்ச. இதுல என்ன பொய்யி இருக்கு?"

கொப்பியை வாங்கிக்கொண்டேன். இப்போது கதை எங்கிருந்து வருகிறது என்று மேடை போட்டுக் கேட்கிறார்கள், அம்மா கேட்ட அளவுக்கு யாரும் என்னை மடக்கியதில்லை. போதாக்குறைக்கு, சாமியைக் கொண்டுவந்தவளே தன் மகள்தான் என்று தெரிந்ததில் அம்மாவுக்கு நம்பிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. விரதத்தை விடுகிற பேச்சே இல்லை. "அவளா சொன்னா விடுறேன்" என்று முடித்துவிட்டாள்.

சரி, அவளே சொல்லட்டும் என்று நானும் முடிவு செய்தேன்.

அடுத்த வெள்ளி ஒன்பதாம் நம்பரில் கவ்வாத்துச் சாமி கும்பிடு. இந்தத் தடவை பனியாயிக்குத்தான் பூசை, சேவலும் பொங்கலும். அங்கே என்மீது சாமி வர வேண்டும். சாமி வாயால் விரதத்தை நிறுத்த வேண்டும். தோழியிடம் சொன்னேன். அவள் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, பிறகு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வைத்து எனக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"நீ பேய் புடிச்ச மாதிரி ஆடுற. சாமி இப்பிடி ஆடாது. சாமிக்கு முதுகு நேரா இருக்கும்."

ஒன்றரைப் பக்கத்துக்கு வசனம் எழுதி மனப்பாடம் செய்தேன். பனியாயியின் பூர்வீகம், கடல் கடந்து வந்த கதை, மலைக்கு வாழ்த்து, அதற்குப் பிறகு உத்தரவு. இப்போது நினைத்தாலும் நல்ல வசனம்தான்.

வெள்ளிக்கிழமை பாடசாலைக்குப் போகாமல் மலைக்குப் போனேன். கல்லைச் சுற்றிச் சுத்தம் செய்து, அதன் முன்னால் கவ்வாத்துக் கத்திகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் எலுமிச்சம் பழம் குத்தியிருந்தார்கள். ரிப்பன் இன்னும் அப்படியே இருந்தது. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்த பெண்களுக்குக் கங்காணி அரை மணி நேரம் கொடுத்திருந்தார். அவர்கள் நடுவில் அம்மா, முந்தின மாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகத்தோடு. பூசாரி எங்கள் லயத்துக்காரர், அவரும் கவ்வாத்து வெட்டுகிறவர்தான்.

தப்பு அடித்தார்கள். கீழேயிருந்து பனி ஏறி வந்து கல்லை மூடியது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல நேரம். முதுகை நேராக வைத்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தேன். நாலு பெண்கள் குலவை போட்டார்கள், தப்பு வேகமெடுத்தது. தப்புச் சத்தத்துக்குள் நின்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நடிப்பது கஷ்டமாக இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டம்.

பூசாரி என் முன்னால் வந்து நின்றார்.

"யாரு ஆத்தா வந்திருக்கிறது? பேரச் சொல்லு தாயே."

"பனியாயி" என்று கத்தினேன்.

"பனியாயின்னா இத ஏந்திக்கிட்டுப் பேசு" என்று சொல்லி, என் வலது கையை விரித்து, இரண்டு கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. எத்தனை திருவிழாவில் பார்த்திருக்கிறேன். சாமி உண்மையாக வந்திருந்தால் கை சுடாது, பொய்யென்றால் உதறிவிட்டு ஓடுவார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். என் கதையில் அந்த அத்தியாயம் இல்லை, அதனால் எனக்கு மறந்துவிட்டது. தோழி என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் மறந்துவிட்டது என்று தெரிந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. உதறினால் அம்மா ஆறு மணி வரைக்கும் பட்டினி, அடுத்த செவ்வாயும் பட்டினி, கானுக்குக் கீழே சரிவு. ஒன்றரைப் பக்க வசனத்தில் ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"என் மலையில எவளும் வெறும் வயித்தோட கொழுந்து எடுக்கக் கூடாது. எவளும் பட்டினி கெடக்கக் கூடாது. எனக்கு அது வேணாம்."

தப்பு நின்றுவிட்டது. பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு கையை மூடியிருப்பேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்து என் முன்னால் நின்றாள், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு.

"தாயே, எனக்கு ஒத்தப் புள்ள" என்றாள் என்னிடமே. "கணக்கு வரலங்குது. பத்தொம்பது எடுத்துருக்கு. நான் பட்ட பாடு அது படக்கூடாது. என்னிய மாதிரி மலைக்கு வரக்கூடாது. அது பாஸ் பண்ணிருமா தாயே? ஒரு வார்த்த சொல்லு தாயே."

மெதுவாகத்தான் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையையும் சாமி தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என்னைப் பெற்றவள் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள், என் உள்ளங்கை எரிந்துகொண்டிருக்கிறது.

"பாஸ் பண்ணுவா" என்றேன். கையை மூடினேன். விழுந்தேன். அந்த விழுதல் நடிப்பு இல்லை.

தண்ணீர் தெளித்தார்கள், திருநீறு போட்டார்கள், என்னைவிட இரண்டு மடங்கு வயதான பெண்கள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொத்திய கையை நான் திறக்கவே இல்லை. அம்மா என்னைத் தோளோடு அணைத்து லயத்துக்குக் கூட்டி வந்தாள். கதவைச் சாத்தினாள். பாயில் உட்காரவைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளங்கை நடுவில் பெரிய கொப்புளம், சுற்றிலும் சிவந்துபோயிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை கூரைத் தகரத்தில் விழ ஆரம்பித்தது.

"சாமிக்குக் கை சுடாது" என்றாள்.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குரல் போய்விட்டிருந்தது. மறுபடி முயன்றேன், அதுவும் காற்று. அழுகை மட்டும் வந்தது, அதற்குச் சத்தம் தேவைப்படவில்லை.

அம்மா எழுந்து போய்ப் பல் விளக்குகிற பேஸ்டைக் கொண்டுவந்து கொப்புளத்தைச் சுற்றிப் பூசினாள். பூசிக்கொண்டே, "நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் புடிச்சிருந்தியா?" என்றாள். நான் தலையாட்டினேன். "நான் வேற மெதுவாக் கேட்டுத் தொலச்சேன்" என்றாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

மணி மூன்றரைகூட ஆகவில்லை. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. அம்மா அடுப்பைப் பற்றவைத்து, மாவைப் பிசைந்து, ஒரு ரொட்டி சுட்டாள். தேங்காய்ச் சம்பலை வைத்து என் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து, என் கை பேஸ்டோடு கிடந்ததால் என் வாயில் ஊட்டினாள். அடுத்த துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பகலில் அம்மா மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழு ரொட்டியும் முடிந்த பிறகு மருத்துவமாது கொடுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

பிறகு, "கணக்குக் கொப்பிய எடு" என்றாள். "முன்பக்கமா. தோட்டமே கேக்க நீ வாக்குக் குடுத்துட்ட. இனி நீ பாஸ் பண்ணாட்டி, ஒன்ன யாரும் கேக்கமாட்டாங்க. அவளத்தான் கேப்பாங்க."

இப்படித்தான் நான் கணக்குப் படித்தேன். சாமியின் மானத்தைக் காப்பாற்றப் படித்த ஒரே மாணவி இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். கை ஆறும் வரை இடக்கையால் எழுதிப் பழகினேன், தோழி பின்னங்களைச் சொல்லிக் கொடுத்தாள், சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் "சாமி, கீழ் எண்ணைப் பொதுவாக்குங்க சாமி" என்று கும்பிட்டுத் தொலைத்தாள். சாமி வாயில் "பாஸ்" என்று இங்கிலீஸ் வந்ததை அவள் இன்றைக்கும் விடவில்லை.

குரல் திரும்ப மூன்று நாள் ஆனது. முதல் நாளே தோழி யாருக்கும் கேட்காதபடி ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள்: பனிக்குள் பொய் சொன்னால்? கத்தியதால் தொண்டை கட்டியது, அவ்வளவுதான். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்கிறேன். எவளும் பட்டினி கிடக்கக் கூடாது என்றது பொய்யில்லை. பெயரைக் கேட்டபோது பனியாயி என்று சொன்னேனே, அது ஒன்றைத்தான் என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அந்த உத்தரவு அம்மாவுக்காக மட்டும் சொன்னது. ஆனால் எல்லாரும் கேட்டிருந்தார்கள். மறுநாள் பக்கத்து மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற வழியில் பெண்கள் ஒன்பதாம் நம்பரில் கூடையை இறக்கி வைத்து, கல்லைச் சுற்றி உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்ட பிறகுதான் செடியைத் தொட்டிருக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்து சத்தம் போட்டாராம். "சாமி உத்தரவுங்க ஐயா" என்றார்களாம். அவருக்கும் சாமியோடு மல்லுக்கட்டத் தைரியம் இல்லை. பத்து நிமிடம் விட்டார். அந்தப் பத்து நிமிடத்தை இன்றுவரை யாரும் பிடுங்கவில்லை. என் புத்தகங்களுக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பெரிது.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று தோழியின் அண்ணன் போனில்தான் பார்த்தோம். கணக்கில் எஸ். தேறியதிலேயே கடைசித் தரம், ஆனாலும் தேறிவிட்டேன். செய்தியைச் சொல்ல நான் ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஓடினேன். கவ்வாத்து வெட்டிய செடிகள் துளிர்த்து, அன்றைக்குத்தான் அந்த மலையில் முதல் கொழுந்து எடுக்க இறங்கியிருந்தார்கள். பெண்கள் சாப்பிட்டு முடித்துக் கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பனி முழங்காலளவு கிடந்தது.

மேலேயிருந்தே "பாஸ்" என்று கத்தினேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளினாள். வழக்கப்படி அது பனியாயிக்கு. எல்லாரும் அவள் கல்லின் முன்னால் வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவள் என்னிடம் ஏறி வந்து, என் வலது கையை விரித்து, தழும்பின்மேல் அந்தக் கொழுந்தை வைத்து, விரல்களை மூடினாள்.

"பொலி, பொலி" என்றாள்.

"என்னக்கா, சாமிக்கு வைக்கலியா?" என்று கீழேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"சாமிக்கு அடுத்த புடி" என்று சொல்லிவிட்டு அம்மா செடிக்கு இறங்கினாள்.